திருச்செங்கோட்டுப் படிகளில்

திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு மலைமேல் வரை வண்டி போகும். ஆனால் படியேறி வருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். சுமார் 1,200 படிகள். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று காலை 6 மணிக்கே அப்பா, அம்மா, நான் மூவரும் அடிவாரத்தில் இருந்தோம்.

நாகர் பள்ளத்தில் அம்மா நின்றுவிட்டாள். பாறையிலேயே செதுக்கிய ஐந்து தலை நாகம், கிட்டத்தட்ட 60 அடி நீளம், உடம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமும். அம்மா ஒவ்வொரு இடமாகப் பொட்டு வைத்துக்கொண்டே போக, அப்பா குங்குமப் பொட்டலத்தை உள்ளங்கையில் விரித்துப் பிடித்தபடி கூடவே நகர்ந்தார். அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் அந்த உள்ளங்கை அங்கே இருந்தது.

அப்புறம் அப்பா பேச ஆரம்பித்தார். சம்பந்தர் இங்கே தங்கியிருந்தபோது கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்ததாம், அவர்களுக்காக அவர் பதிகம் பாடினாராம். தன் நோய்க்காக இல்லை, கூட வந்தவர்களுக்காக என்று அதை இரண்டு முறை சொன்னார். பிறகு பிருங்கி முனிவர் கதை. சிவனை மட்டும்தான் வணங்குவேன் என்று பிடிவாதம். அம்மை பக்கத்தில் அமர்ந்தபோதும் வண்டாக மாறி, இடையில் புகுந்து, ஐயனை மட்டும் சுற்றினார். அம்மை தன் சக்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ள, நிற்க முடியாமல் துவண்டார். ஊன்றி நிற்க மூன்றாவது கால் கொடுத்தார் சிவன். அதன் பிறகுதான் அம்மை தவமிருந்து இடப்பாகம் பெற்றாள்.

சந்நிதியில் தீபாராதனை. வலப்பக்கம் வேட்டி, இடப்பக்கம் சேலை. ஐயன் எங்கே முடிகிறார், அம்மை எங்கே தொடங்குகிறாள் என்று தேடிக்கொண்டே இருந்தேன். தீபம் இறங்கிவிட்டது. திருவடியில் ஊறும் தீர்த்தத்தைக் கையில் வாங்கியபோதும் எனக்குப் பிருங்கி நினைப்புதான்.

வெளியூரில் வேலைக்குப் போன நாளிலிருந்து வீட்டுக்கு நான் போன் செய்வது இப்படித்தான். அப்பா எடுப்பார். “அம்மா இருக்காங்களாப்பா?” என்பேன். “இரு, குடுக்கறேன்.” அவ்வளவுதான். அதைத் தப்பென்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அம்மாவிடம் பேசினால் வீட்டோடு பேசியதாகக் கணக்கு. இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து ஒருவரை மட்டும் சுற்றி வந்திருக்கிறேன்.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். “குடுத்துட்டு அவர் எங்கயும் போயிட மாட்டார்டா. நீ வைக்கிற வரைக்கும் பக்கத்துலயேதான் நிப்பார்” என்றாள்.

இறங்கும்போது அம்மா வேண்டுமென்றே பத்துப் படி முன்னால் போனாள் என்று நினைக்கிறேன். அப்பா ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதலில் வைத்து, வலது காலை மெதுவாக அதன் பக்கத்தில் இறக்கினார்.

“முழங்கால் எத்தனை நாளாப்பா வலிக்குது?”

என் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார். “அது ஆச்சு, ரெண்டு வருஷம்.”