தூக்கம் வருது

நடிப்பதும் நாடகம் எழுதுவதும் குழந்தைகளின் உரிமைக்காகக் குரல் கொடுப்பதும் ஒரே வேலையின் மூன்று பகுதிகள் என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை அசைத்தது, குழந்தைத் தொழிலாளர் குறித்து நான் எழுதிய ஒரு நாடகத்தின் ஒத்திகை.

பட்டறையில் வேலை செய்யும் சிறுவன் முதலாளியைப் பார்த்து, "என் கனவுகளையெல்லாம் பறித்துக்கொண்டீர்களே!" என்று கதறுவதாக எழுதியிருந்தேன். பிரதியை வாசித்த பெரியவர்கள் எல்லோரும் பாராட்டிய வசனம் அது. ஆனால் அந்த வேடத்தை ஏற்ற பதினொரு வயதுச் சிறுவன், சில மாதங்கள் உண்மையாகவே வேலைக்குப் போய்விட்டுப் பள்ளிக்குத் திரும்பியவன், தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக வெகுநேரம் தயங்கிவிட்டு, "இப்படியெல்லாம் பேச மாட்டோம்ணே. தூக்கம் வருதுன்னுதான் சொல்லுவோம்" என்றான். என் வரியை அடித்துவிட்டு அவன் சொன்னதை எழுதிக்கொண்டேன். தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்கிறது, ஐ.நா. பொதுச்சபை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது உறுப்பு. கூட்டங்களில் நான் பலமுறை எடுத்துரைத்த அதே உறுப்பை, என் பிரதியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒருமுறையேனும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

அரங்கேற்றத்துக்கு நான்கு நாட்கள் இருந்தபோது, ஒளியமைப்பு சரிவராததால் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்தோம். இரவு பத்தரை மணி கடந்திருந்தது. மேடை நடுவில் நின்று கண்ணைக் கசக்கியபடி அவன் "தூக்கம் வருது" என்றான். முதலாளி வேடத்தில் இருந்த நான், "முடிச்சிட்டுப் படு" என்று என் வசனத்தைச் சொன்னேன். அடுத்து அவன் நகர வேண்டிய இடத்துக்கு நகரவில்லை. அவன் சொன்னது வசனம் அன்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேலைக்கான குறைந்தபட்ச வயதை வரையறுக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138ஆவது உடன்படிக்கை (1973), தன் 8ஆவது உறுப்பில், கலை நிகழ்ச்சிகளில் குழந்தைகள் பங்கேற்க விலக்களிக்க இடம் தருகிறது. ஆனால் அந்த விலக்கு வரம்பற்றதன்று. தனித்தனி அனுமதியாகவே அதை வழங்க வேண்டும், வேலை நேரத்தின் அளவையும் நிபந்தனைகளையும் அந்த அனுமதியிலேயே குறிக்க வேண்டும். மேடையில் நிற்பதும் வேலைதான் என்பதை அந்த உறுப்பு ஒப்புக்கொள்வதாகவே நான் கருதுகிறேன். அரங்கத்துறையில் இருக்கும் நாமோ, "பிள்ளைக்கு ஆர்வம் அதிகம்" என்று சொல்லியே நேரக் கணக்கை மறந்துவிடுகிறோம்.

அன்றிரவு விளக்குகளை அணைத்துவிட்டு அவனை வீட்டில் கொண்டுபோய்விட்டேன். இப்போது எங்கள் குழுவில் குழந்தைகள் வரும் காட்சிகளை மாலையிலேயே முடித்து அவர்களை அனுப்பிவிடுகிறோம். அதன்பின் ஒளியமைப்பாளர் விளக்குகளைச் சரிசெய்து முடிக்கும்வரை, குழந்தையின் உயரத்துக்கு முழங்காலிட்டு அந்த இடத்தில் நிற்பது நான்தான்.