ரத்தம் எந்தப் பக்கத்திலிருந்து? என் பிராங்கோஸ்கோபி அனுபவம்

இருமும்போது ரத்தம் வந்தால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது புற்றுநோய்தான், எனக்கும் அந்தப் பயம்தான். டாக்டருக்கோ முதல் கேள்வி, ரத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. சிடி ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஒரு பக்கம் கசிந்த ரத்தம் மூச்சோடு மறுபக்கமும் போய்விட்டால் படத்தை வைத்துப் பிரித்துச் சொல்வது கஷ்டமாம். அதனால், கசிவு நிற்பதற்குள் பிராங்கோஸ்கோபி செய்து, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, உள்ளே பார்த்துவிடுவோம் என்றார்.

6 மணி நேரம் வெறும் வயிறு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், குழாயைவிடக் கஷ்டம் அதற்கு முன் தொண்டையில் அடிக்கும் மரப்பு மருந்துதான். ஒரே கசப்பு. கொஞ்ச நேரத்தில் தொண்டை தடித்துப்போன மாதிரி ஆகி, எச்சில் இறங்குகிறதா இல்லையா என்றே தெரியாமல், மூச்சு அடைக்கப்போகிறது என்று பயம் வந்துவிடும். அடைக்காது. "பேசாதீங்க, மெதுவா மூச்சு விடுங்க, இருமல் வந்தா இருமிக்கோங்க" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார், அது பெரிய தெம்பு. அப்புறம் தூக்க ஊசி போட்டார்கள். சுண்டுவிரலைவிட மெல்லிய குழாய் மூக்கு வழியாக இறங்கி, குரல் நாண்களைத் தாண்டும்போது வந்த இருமல் வரைக்கும்தான் நினைவு இருக்கிறது.

மீதியை டாக்டர் பிறகு வீடியோவில் காட்டினார். இடது பக்கம் ரத்தத் திட்டுகள் இருந்தன, உப்புநீர் விட்டு உறிஞ்சியதும் சுத்தமாகிவிட்டது, மறுபடி ஒன்றும் வரவில்லை. வலது நுரையீரலின் மேல் பகுதியில் எத்தனை முறை கழுவினாலும் ஒரே ஒரு மூச்சுக்கிளையின் வாயிலிருந்து மட்டும் புது ரத்தம் ஊறி வந்தது. "கழுவின பிறகும் எங்கே ஊறுதோ, அதுதான் இடம்" என்றார். குளிர்ந்த உப்புநீரும், ரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் மருந்தும் விட்டுக் கசிவை அடக்கினார்கள். கழுவிய நீர் பரிசோதனைக்குப் போனது. காசநோய்க் கிருமியும் இல்லை, புற்றணுக்களும் இல்லை, பழைய தொற்றால் அந்த இடத்தில் மூச்சுக்கிளைகள் விரிந்துபோயிருந்ததுதான் காரணம். இடம் தெரிந்ததால், தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாகப் போய், அங்கே ரத்தம் கொண்டுபோகும் தமனியை அடைக்க முடிந்தது.

பிராங்கோஸ்கோபி முடிந்து மரப்பு போகும்வரை, சுமார் 2 மணி நேரம், தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, புரையேறிவிடும். அன்று சளியில் கொஞ்சம் ரத்தக்கீற்றும் லேசான காய்ச்சலும் வரலாம். ஆனால் வாய் நிறைய ரத்தம் வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தால் போகும் வழியில் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள், நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்காமல் இருக்கும்.