ஓடைக்கு அரைப்பேர்

எங்க ஓடைய சுத்தம் பண்ணினது 2024 பெப்ரவரியில. இன்னமும் யாராவது பழைய போட்டோவ பாத்துட்டு "சூப்பர் வேலை"ன்னு சொன்னா எனக்கு சிரிப்புதான் வருது, ஏன்னா அந்த சிரமதானம் ரெண்டே ரெண்டு சனிக்கிழமை, அதுக்குப் பொறகு யாரு பாத்துக்கிறதுன்னு நடந்த சண்டைதான் ஒண்ணரை வருஷம் ஓடுச்சு.

இலங்கை மலையகத்துல எங்க நுவரெலியா தெரிஞ்சவங்களுக்கு சொல்லவே வேணாம், மலையிலருந்து இப்படி சின்னச் சின்னதா எத்தனையோ தண்ணி எறங்குது. எங்களுது மேல மரக்கறித் தோட்டம், நடுவுல வீடுங்க, கீழ ரோட்டோரக் கடைங்கன்னு தாண்டி மதகுக்குள்ள நொழஞ்சு கிரகரி வாவிக்குப் போகுது. அங்கேருந்து நானு ஓயா, கொத்மலை ஓயா, தலவாக்கலை மேல்கொத்மலை அணை, பொறகு மகாவலி, கடைசியா திருகோணமலைப் பக்கம் கடல். நம்ம போட்ட ஷாம்பு பாக்கெட் திருகோணமலை போயிரும்னு மக கிட்ட சொன்னேன், "டிக்கெட் இல்லாமயா?"ன்னு கேக்குறா.

உள்ளூராட்சி சபைக்கு கடிதம் குடுப்போம்னா அப்போ கிட்டத்தட்ட நாடு முழுக்க சபைகள்ல தெரிவான மெம்பருங்களே இல்லாத காலம், 2023 மார்ச்ல கலஞ்சது 2025 மே தேர்தல் வரைக்கும் அப்படியே கெடந்துச்சு. ஒரு ஆபீஸ்ல போய் நின்னா கரை எங்களுது, தண்ணி எங்களுது இல்லன்னாங்க. சரின்னு நாங்களே முறை போட்டுக்கிட்டோம், வீட்டுக்கு மாசம் ஒரு சனிக்கிழமை, எல்லாருக்கும் ஒரே அளவு, தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதி கடச் சுவத்துல ஒட்டினோம்.

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஒக்டோபர் மழை ரெண்டு வாரம் பின்னேரத்துல ஊத்தினதும் நாங்க தோண்டின இடமெல்லாம் செம்மண்ணு நெரம்பி, கரையில நட்ட மானாப்புல்லோட தலை மட்டும் வெளிய தெரிஞ்சுச்சு. கீழ உள்ளவங்க "லீக்ஸ் பாத்தி மண்ணு இது, மேல உள்ளவங்களே அள்ளட்டும்"னாங்க. மேல உள்ளவங்க "போத்தலும் சொப்பிங் பேக்கும் நாங்களா போட்டோம்?"னாங்க. ரெண்டு பக்கமும் நியாயம்தான், அதுதான் பிரச்சினையே.

நடுவுல கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற ஒருத்தர் ஆளுக்கு பதிலா மாசம் ஐயாயிரம் தாறேன்னார். வாங்கலாம்னு முதல்ல கை தூக்கினதே நான்தான், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. அவர் குடுத்ததும் ரெண்டு கடைக்காரரும் காசுக்கு மாறிட்டாங்க, கூலிக்கு வந்தவரு ரோட்டுலருந்து தெரியிற இடத்த மட்டும் பளிச்சுன்னு ஆக்கிட்டுப் போயிட்டாரு. மதகுக்குள்ள ஒரு மெத்தையே கெடந்துச்சு. சுற்றுலாக்காரங்க வர்ற ஏப்ரல் சீசன் முடிஞ்சு பாத்தப்போ அதுக்கு ஒரு தலகாணியும் ஜோடி சேந்திருந்துச்சு.

வழி சொன்னது பக்கத்து வீட்டுத் தாத்தா. தேயிலைத் தோட்டத்துல நாப்பது வருஷம் கான், அதான் மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால், வெட்டினவரு. "தேயிலை மலையில கான நேரா ஓட விட மாட்டோம்டா, எடைக்கெட குழி எடுத்து குறுக்கால திட்டு விடுவோம், மண்ணு குழியில தங்கிரும், தண்ணி மட்டும் தாண்டும். ஓடைய தோண்டிக்கிட்டே இருந்தா எப்ப முடியும்? மேல நாலு குழி எடு"ன்னாரு. மரக்கறித் தோட்டத்துக்காரர் சிங்கள ஆளு, தாத்தாவுக்கு நல்ல பழக்கம், ரெண்டு பேரும் பாத்திங்களுக்கு அடியில போய் நின்னு கையாலயே அளந்து பேசி முடிச்சுட்டாங்க. குழியில தங்குற மண்ணு அவரோட மண்ணுதானே, பசளை எல்லாம் போட்டு காசு செலவழிச்ச மண்ணு, அத யாரும் சொல்லாமலே அவரே அள்ளி பாத்திக்கு போட்டுக்கிறார்.

இப்ப முறையும் மாறிருச்சு. குழி அள்ளுறது மேல உள்ளவங்களுக்கு, மே மழைக்கு முன்ன ஒருக்கா, ஒக்டோபருக்கு முன்ன ஒருக்கா. குப்பையும் மதகும் கடைங்களுக்கு. புல்லு வெட்டுறது வீட்டுக்காரங்களுக்கு. காசு குடுக்கலாம், ஆனா குடுத்தா அரைப்பேர்தான் விழும். தேயிலைத் தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்னு கணக்கு, பறிச்ச கொழுந்து கொறஞ்சா பாதி நாள் சம்பளம்னு அரைப்பேர் போடுவாங்கல்ல, அந்த மாதிரி. மிச்ச அரைக்கு மனுசன் வரணும். இந்த ரூல் போட்டது எங்க அம்மா, எத்தனை நாள் அரைப்பேர் வாங்கின கோவமோ தெரியல.

கெஸ்ட் ஹவுஸ்காரர் ரெண்டு தரம் வந்தாரு, மூணாவது தரம் சமையல்காரப் பையன அனுப்பிட்டாரு. அத முழுப்பேரா எழுதுறதா அரையா எழுதுறதான்னு கொப்பிய வச்சுக்கிட்டு இன்னும் பேசிக்கிட்டிருக்கோம். அம்மா அரைன்னுதான் நிக்கிறாங்க.