"தப்பு மாமா, ரைபோசைம் இருக்கே"

போன ஞாயிறு மத்தியானம் ஆதம்பாக்கத்தில் அக்கா வீட்டில் கரண்ட் இல்லை. பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் நீட் கைடை என் கையில் கொடுத்து கேள்வி கேட்கச் சொன்னாள். 'நொதிகள் அனைத்தும் புரதங்களே. சரியா, தவறா?' என்று வாசித்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல் நானே "சரி" என்றும் சொல்லிவிட்டேன். "தப்பு மாமா, ரைபோசைம் இருக்கே" என்றாள். ரைபோசைம் என்றால் நொதிபோல் வேதிவினையை வேகப்படுத்தும் ஆர்.என்.ஏ., அதாவது டி.என்.ஏ.வுக்கு உறவான இழை மூலக்கூறு. எங்கள் காலத்தில் நொதிக்குப் புரதம் என்று எழுதினால்தான் மார்க்.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 1926-இல் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸ் நொதியைப் படிகமாக்கி அது புரதம்தான் என்று காட்டினார், அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் கிடைத்ததெல்லாம் புரதமே. கொலராடோவில் தாமஸ் செக் தேடியதும் ஒரு புரதத்தைத்தான்: டெட்ராஹைமீனா என்ற குளத்து ஒருசெல் உயிரியில், ஆர்.என்.ஏ. இழையின் நடுவே இருக்கும் தேவையில்லாத துண்டை வெட்டி எறிவது எந்த நொதி? கொதிக்க வைத்தார்கள், புரதத்தைச் செரிக்கும் நொதிகளை ஊற்றினார்கள், வெட்டு நிற்கவே இல்லை. கடைசியில் அந்த உயிரியின் புரதம் எதுவும் பக்கத்திலேயே வந்திராத ஆர்.என்.ஏ.வைச் சோதனைக்குழாயில் செய்து பார்த்தார்கள். அதுவும் தன்னைத்தானே வெட்டிக்கொண்டது. இது 1982.

எப்படி என்றால், ஆர்.என்.ஏ. ஒற்றை இழை, தன்மேலேயே மடிந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அந்த மடிப்பில் ஒரு குழி. வெளியே மிதக்கும் குவானோசின் (ஆர்.என்.ஏ.வின் 'ஜி' எழுத்து) ஒன்று அதில் வந்து உட்கார்ந்து, தன் ஓ.எச். முனையால் இழையின் ஒரு பிணைப்பைத் தாக்கும். அறுந்த முனை போய் அடுத்த பிணைப்பைத் தாக்கும். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ள நடுத்துண்டு கழன்று விழும். மக்னீசியம் அயனிகள் இல்லாவிட்டால் இது நடக்காது. ஒரு பிணைப்பு போய் இன்னொன்று வருவதால், இதற்குத் தனியாக ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவும் இல்லை.

ஆனால் நொதி என்றால் வேலை முடிந்தும் தான் மாறாமல் இருக்க வேண்டும்; தன்னையே வெட்டிக்கொண்டு மாறிப்போவதை முழு நொதி என்று எப்படிச் சொல்வது? எனக்கு சிட்னி ஆல்ட்மன் வேலைதான் இன்னும் பிடிக்கும். ஆர்.என்.ஏ.ஸ் பி என்ற நொதியில் வெட்டுவது ஆர்.என்.ஏ. பகுதி, அது தான் மாறாமல் அடுத்தடுத்த மூலக்கூறை வெட்டிக்கொண்டே போகும் என்று 1983-இல் காட்டினார். 1989 நோபல் இருவருக்கும்.

பெரிய ரைபோசைம், செல்லில் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம்தான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-இல் நோபல் கிடைத்தபோது இங்கே எல்லோருக்கும் ரைபோசோம் என்ற பெயர் பழகிவிட்டது. அவர் படம்பிடித்தது அதன் இரண்டு பாதிகளில் சிறியதை. அமினோ அமிலங்களைக் கோக்கும் இடம் பெரிய பாதியில் இருக்கிறது. 2000-இல் யேல் குழு வெளியிட்ட அதன் வடிவத்தில், அந்த இடத்தைச் சுற்றி 18 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தூரத்துக்குள் புரதமே கிடையாது, எல்லாம் ஆர்.என்.ஏ. ஆக, புரதம் என்று நாம் மார்க் வாங்கிய நொதியையெல்லாம் கோத்துக் கொடுப்பதே ஆர்.என்.ஏ.தான்!

இதைச் சொல்லும்போது என் சட்டைப்பையில் தொண்டை வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அசித்ரோமைசின் அட்டை இருந்தது. அந்த மாத்திரை பாக்டீரியா ரைபோசோமில், கோக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, புரதம் வெளியேறும் சுரங்கத்தில் ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு அடைத்துவிடுகிறது. அங்கே அது பிடிக்கும் முக்கியமான ஆர்.என்.ஏ. எழுத்து 'ஏ'. நம் செல் ரைபோசோமில் அதே இடத்தில் 'ஜி' இருப்பதால் நம்மை அவ்வளவாகத் தொடுவதில்லை. அக்கா மகள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். இரண்டு போட்டாயிற்று, ஒன்று பாக்கி.