ராடு பிரேக் வேலை

கும்பகோணத்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு வரும் பழைய கார்களில் பல, ஒரு காலத்தில் மிராசுதார் வீட்டுக் கொட்டகைகளில் நின்றவை. ஃபோர்டு கார்களுக்கு 1939 மாடலில்தான் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது; அதுவரை இரும்பு ராடு இழுத்து இயக்கும் பிரேக்தான். இங்கிலாந்தில் தயாரான ஃபோர்டு பிரிஃபெக்ட் 1953 வரைகூட ராடு பிரேக்கோடுதான் விற்பனையானது. பெடலை மிதிக்கும் விசை, வண்டிக்குக் குறுக்கே கிடக்கும் கிராஸ் ஷாஃப்ட், லீவர், இரும்பு ராடு, இவற்றை இணைக்கும் ஆணியான கிளெவிஸ் பின் என ஒவ்வொன்றாகக் கடந்து சென்று, சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் இருக்கும் ஷூ என்ற வளைந்த கட்டையை விரிக்கிறது. நடுவில் எண்ணெய் இல்லாததால் கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. தேய்மானம்தான் இதன் எதிரி.

ஒரு சக்கரத்துக்குப் போகும் வழியில் ஆறு இணைப்புகள் இருந்து, ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் விழுந்திருந்தால், ஷூ அசையும் முன்பே மூன்று மில்லிமீட்டர் வீணாகிறது. பெடலில் அது பல மடங்காகத் தெரியும். அப்போது பலரும் ராட்டின் நீளத்தைக் குறைத்துவிடுகிறார்கள். பெடல் உடனே மேலே வந்துவிடும். வண்டிக்காரரும் மகிழ்ச்சியாக ஓட்டிச் சென்றுவிடுவார். ஆனால் அது பிரேக்கைக் கெடுக்கும் வேலை. லீவரும் ராடும் செங்கோணத்தில் நிற்கும்போதுதான் இழுவை முழுமையாகச் சேரும் என்பதால், மிதிக்காதபோது லீவர் அதற்குச் சற்று முன்னே நின்று, ஷூ டிரம்மைக் கவ்வும் நேரத்தில் செங்கோணத்தை எட்ட வேண்டும். ராட்டைச் சுருக்கினால் லீவர் அந்த இடத்தைத் தாண்டிவிடும். எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறையும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேய்ந்தால் சக்கரத்து அட்ஜஸ்டரில்தான் திருத்த வேண்டும். கிளெவிஸ் பின் தேய்ந்தால் அந்தப் பின்னைத்தான் மாற்ற வேண்டும்.

முட்டை வடிவமாகிவிட்ட பின் துளைகளை, துளையைச் சீவிச் சீராக்கும் ரீமர் போட்டு வட்டமாக்கி, அந்த அளவுக்குப் புதிய பின்னை லேத்தில் கடைந்துகொள்கிறோம். கிராஸ் ஷாஃப்ட் சுழலும் வளையமான புஷ்ஷுக்கு, செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டலே வேண்டும். பக்கத்திலேயே நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் பித்தளை எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

லைனிங் விஷயத்தில் நான் இன்னும் பிடிவாதக்காரன். மனிதக் கால் மட்டுமே விசை தரும் இந்த அமைப்புக்கு, இன்றைய கடினமான லைனிங்கைவிட மென்மையாக நெய்த லைனிங்தான் பொருந்தும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே கொண்டு, தூசியைக் காற்றடித்து ஊத விடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்கிறேன். வேலை பழக வரும் பிள்ளைகளின் நுரையீரல் எந்தக் காரையும்விடப் பெரிது. புதிய லைனிங்கை ரிவெட் அடித்த பிறகு டிரம்மின் உட்புறத்தில் சாக்பீஸ் தேய்த்து, ஷூவை லேசாக விரித்து டிரம்மைச் சுற்றினால், மேடாக உள்ள இடங்களில் மட்டும் வெள்ளை ஒட்டும். அந்த இடங்களை அரத்தால் தேய்த்து, மறுபடி சுற்றி, வெள்ளை பரவலாகப் படியும் வரை தொடர வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஒரு சக்கரம் முந்திக் கவ்வும். ஒரு பக்கம் வாய்க்காலும் மறுபக்கம் வயலுமாக ஓடும் நம் கரைச் சாலைகளில், பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் கார் தண்ணீரில்தான் போய் நிற்கும்.

“ஆழித்தேருக்கே ஹைட்ராலிக் பிரேக் வெச்சாச்சு, என் காருக்கு வெச்சா என்னண்ணே?” என்று திருவாரூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு அப்படித்தான் பிரேக் செய்து கொடுத்திருக்கிறது. ஆனால் அத்தனை டன் எடையை நிறுத்த வேறு வழி தேவைப்பட்டது. அவருடைய காருக்கோ, பின்னும் புஷ்ஷும் சரியாக இருந்தால் அது ஓடும் வேகத்துக்குத் தன் பிரேக்கே போதும். பெடலை மரக்கட்டையால் பாதியில் நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் தூக்கி, இடமும் வலமும் ஒரே இறுக்கத்தில் சுற்றுவதை அவர் கையாலேயே சுற்றிப் பார்க்கச் செய்த பிறகு சம்மதித்தார்.

இப்போது ராட்டின் லாக்நட் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டுத்தான் வண்டியை அனுப்புகிறோம். கோடு விலகி வந்தால், யாரோ ராட்டைத் தொட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அளவுகளை முதலிலிருந்து எடுக்கத் தொடங்குவோம்.