தாக்கத்தியும் ஆர்மோனியமும்

ஸ்கூட்டியின் பின்சீற்றில் ஆர்மோனியத்தைப் பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டினால்தான் எனக்குப் பொழுது தொடங்கும். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலையில் சங்கீதம் படித்து முடித்து வந்தபோது ஆசிரியர் நியமனம் கிடைக்கும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தோம். கிடைக்கவில்லை. பாட்டுப் பழக்கப் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஓடத் தொடங்கினேன். காலையில் தருமபுரத்தில் முன்பள்ளி, பின்னேரம் விசுவமடுவில் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், ஞாயிறு அறநெறி வகுப்பு, மார்கழியில் தேவாலயத்தில் கரோல், கோயில் திருவிழா வந்தால் காத்தவராயன் கூத்துக்கு விடிய விடிய ஆர்மோனியம். ஓரிடத்தில் மூன்று மாதக் காசு இன்னும் தரவில்லை. கேட்டுக் களைத்துவிட்டேன். பிள்ளைகள் வாசலில் நின்று கையசைப்பார்கள், அதனால் போகிறேன்.

கூத்துதான் என் காதைத் திருத்தியது. படிக்கிற காலத்தில் சுருதிப்பெட்டியில் சுருதி வைத்துவிட்டுத்தான் வாய் திறப்போம். கூத்தில், அதைப் பழக்கி ஆட்டுவிக்கிற அண்ணாவியார் எடுக்கிற இடம்தான் சுருதி. மைக் இல்லாத காலத்தில் கடைசிப் பாய் வரைக்கும் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை அவருடையது. நான்தான் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும்.

போன மாசியில் மாதர் சங்கத்து அம்மாக்களுக்குப் பாட்டுப் பழக்கப் போனேன். காலபோக நெல் அறுவடை, எங்கள் பேச்சில் அருவி வெட்டு, நடக்கிற நேரம், வெளியே வெட்டு மெசின் இரைகிறது. தேவாரம் பாடினோம். மூலையில் இருந்த ஆச்சி மட்டும் வாயே திறக்கவில்லை. "அருவி வெட்டேக்க பாடுவம் பிள்ளை. சும்மா இருந்து பாட வராது" என்றார்.

"வெட்டிக்கொண்டே பாடுங்கோ ஆச்சி" என்றேன்.

யாரோ அடுப்படியில் செருகியிருந்த தாக்கத்தியை, கதிர் அறுக்கிற அரிவாளை, எடுத்து வந்தார்கள். ஆச்சி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தார். இடக்கை வெறும் காற்றைப் பிடிக்க, வலக்கை இழுக்க, அந்த இழுப்போடு பாட்டு வந்தது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு மூச்சு. வெட்டிய நெற்கதிர்களைப் பக்கத்தில் வைக்கிற நேரம் அது. அந்தச் சுருதியை ஆர்மோனியத்தில் ஐந்து கட்டையில் தேடினேன், ஐந்தரையில் தேடினேன். குரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அந்த இடத்துக்கு ஆர்மோனியத்தில் அழுத்தக் கட்டையே இல்லை. துருத்தியை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மற்ற அம்மாக்கள் தாங்களாகவே எழும்பி ஆச்சிக்குப் பக்கத்தில் வரிசையாகக் குனிந்து பின்பாட்டு எடுத்தார்கள். அன்று நான் பழக்கியது ஒன்றுமில்லை. பழகினேன்.

சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பாட்டு உடம்பில் ஏற வேண்டும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். முந்தநாள் ஆச்சியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு முன்பள்ளிக்குப் போனேன், ஆர்மோனியம் அவர் மடியில். தாக்கத்திக்குப் பதிலாக ஆளுக்கொரு ஈர்க்குக் கொடுத்தோம். இருபது பிள்ளைகளும் குனிந்து, இழுத்து, மூச்சு விட்டுப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு சின்னவன் நெற்கட்டு ஒன்றை அணைப்பதுபோல் வெறுங்கையை அணைத்துப் பிடித்தபடி வந்தான்.

"ஆச்சி, இந்தக் கட்டை எங்க வைக்கிறது?"

ஆச்சி ஆர்மோனியப் பெட்டியைக் காட்டினார்.