துளை மூடிவிட்டது, பிறகு ஏன் கோடு வளைகிறது?

மாகுலா துளைக்கு, அதாவது விழித்திரையின் மையத்தில் விழுந்த ஓட்டைக்கு, அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஐந்து மாதம் ஆகிறது. ஆபரேஷனும், குப்புறப் படுத்துக் கிடந்த நாட்களும், துளை மூடுவதற்காகக் கண்ணுக்குள் விட்டிருந்த வாயுக் குமிழி கடுகளவாகச் சிறுத்து மறைந்ததும் சொன்னபடியே நடந்தன. என்னை அலையவிட்டது அதன் பிறகு எடுத்த, விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன்தான்.

அறிக்கையின் முதல் வரி, துளை மூடியிருக்கிறது என்றது. அடுத்த வரி, வெளி அடுக்கில் இடைவெளி என்றது. அப்படியானால் மூடியதா, இல்லையா? ஸ்கேன் எடுத்தவரிடம் கேட்டேன். "டாக்டர்தான் சொல்ல வேண்டும்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். மூன்று வாரம் தூக்கமே இல்லை. அடுத்த முறை போனால், பழைய ஸ்கேன் கோப்பில் இல்லை. ஒப்பிடாமல் எதுவும் சொல்ல முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் முழுக்க வீண். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மூன்றாவது முறை, வீட்டில் தேடி எடுத்த பிரதியோடு போனேன். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். துளையின் உள்பக்கம்தான் முதலில் ஒட்டுமாம். ஒளியை உணரும் செல்களின் அடுக்கு அடியில் மெல்ல மெல்லச் சேரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். என் இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது! மேற்பரப்பில் தெரிந்த சிறு குழிகளைப் பற்றியும் கேட்டேன். ஆபரேஷனில் விழித்திரையின் மெல்லிய உள்சவ்வை உரித்த இடத்தில் அப்படி வருவது உண்டு, பெரும்பாலும் பார்வையைப் பாதிக்காது என்றார். சவ்வு உரித்தபின் விழித்திரையின் மையம் பார்வை நரம்பின் பக்கம் சற்று நகர்வதும் உண்டாம். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

ஆபரேஷனுக்கு முன் எடுத்ததையும் சேர்த்து, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பிரதி கேட்டு வாங்கிவிடுங்கள். பார்வை மெல்ல மங்கினால் துளை திரும்பிவிட்டது என்று உடனே பதற வேண்டாம்; இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கண்புரை வளர்வது மிகவும் சகஜம், லென்ஸையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரென்று நிறையக் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்ததுபோல் நிழல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கதவு நிலையின் விளிம்பு எனக்கு இன்னும் நடுவில் லேசாக உள்வாங்கித்தான் தெரிகிறது. ஆனால் நேற்று நல்ல கண்ணை மூடிக்கொண்டு செய்தித்தாளை எடுத்தேன். முன்பு கறுப்புப் பொட்டாக இருந்த இடத்தில் ஒரு 'ழ' தெரிந்தது. அடியில் இருக்கும் சுழிப்பு உட்பட.